அக்காவின் பெயர் இந்தா

போன வாரம் அக்காவும் நானும் டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். நாகல் நகரில் ஏறும்போதே நல்ல கூட்டம். அக்காவுக்கு முன்னால் உட்கார இடம் கிடைத்துவிட்டது. நான் பின்னால் ஒரு மிளகாய் மூட்டைக்கும் ஒரு பெரியவரின் முழங்கைக்கும் நடுவில் நின்றேன். கண்டக்டர் என் பக்கத்தில் நின்ற பையனிடம் டிக்கெட்டைக் கிழித்து நீட்டி, "இந்தா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். முன் சீட்டில் இருந்த அக்கா சடாரென்று திரும்பிப் பார்த்தாள்.

பையன் அவளைப் பார்த்தான். கண்டக்டரும் பார்த்தார். "என்னம்மா, ஸ்டாப்பிங்கு தாண்டிருச்சா?" என்றார். ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு அக்கா முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் ஏன் திரும்பினாள் என்று அந்த பஸ்ஸிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். சிரிப்பு வந்தது. சிரிக்க வாயைத் திறந்தால் மிளகாய் நெடியில் தும்மல் வந்தது.

மிளகாய் நெடி என்றாலே எனக்கு அக்கா முன்பு குடியிருந்த மாடி வீடுதான். ஒரு மாவு மில்லுக்குப் பின்பக்கம், மேலே ஒன்றரை அறை. அந்த அரை அறைதான் எனக்கு. கீழே மிளகாய் அரைத்தால் மேலே நாங்கள் குடும்பத்தோடு தும்முவோம். தீபாவளி நெருங்கிவிட்டால் பலகாரத்துக்கு மாவு அரைக்க ஊரே தூக்குச்சட்டியோடு வந்து நிற்கும். மில் ஓடுகிற ஓட்டத்தில் எங்கள் தரை உறுமும், கொடியில் போட்ட துணி காற்றில்லாமலே ஆடும். அக்கா மகள் யாழினிக்கு அப்போது இரண்டு வயசு ஆகவிருந்தது. அவளுக்கு அந்த உறுமல் ரொம்பப் பிடிக்கும். தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தை ஒட்டிவைத்துக்கொண்டு, "ம்ம்ம்ம்" என்று மில்லோடு சேர்ந்து பாடுவாள்.

நான் குஜிலியம்பாறைப் பக்கத்து மானாவாரிக் காட்டிலிருந்து பி.எட். படிக்க வந்து அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் எனக்கு வீட்டில் ஒரு மரியாதை உண்டு. மாத்திரை அட்டையில் என்ன போட்டிருக்கிறது என்பதிலிருந்து மழை வருமா என்பது வரை என்னைத்தான் கேட்பார்கள். அந்த மரியாதையை அவர்களைவிட நான் கொஞ்சம் கூடுதலாக நம்பிவிட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

தீபாவளி லீவு நாட்களில் அக்காவைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். அவள் எந்த வேலையையும் தொடங்கி முடித்து நான் பார்த்ததில்லை. எல்லாமே நடுவில் இருக்கும். பாதி விளக்கிய பாத்திரம், பாதி மடித்த துணி, ஒரு பக்கம் மட்டும் பின்னிய தலை. முறுக்குக்கு அரிசியைக் களைந்து துணியில் உலர்த்தினால் யாழினி அதன் மேல் நிதானமாக நடந்து போவாள். அவள் காலைக் கழுவிவிட்டு வந்தால், ஈரக் காலோடு இன்னொரு தரம் நடப்பாள். "ஏலே, செத்த நேரம் இவளப் பிடி, அடுப்புல இருக்குற வெஞ்சனத்த எறக்கிட்டு வாரேன்" என்று என்னிடம் கொடுப்பாள் அக்கா. அந்தச் செத்த நேரம் சாயங்காலம் வரைக்கும் நீளும்.

ஒரு நாள் அக்காவின் போனைக் காணோம். என் போனிலிருந்து அடித்தேன். எங்கேயோ கிணற்றுக்குள் அடிக்கிற மாதிரிக் கேட்டது. தேடிப் போனால் இட்லி மாவுச் சட்டி. அக்கா கையை விட்டு எடுத்து, மாவு சொட்டச் சொட்ட என்னிடம் நீட்டினாள். "பேசுறியா, இல்ல வேக வச்சுத் தரவா?"

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. பிள்ளை பேச ஆரம்பித்ததில்தான் வம்பே வந்தது.

மச்சான், அதாவது அக்கா வீட்டுக்காரர், ஒட்டன்சத்திரத்துக்காரர். காய்கறி லோடு ஆட்டோ ஓட்டுகிறார். தங்கமான மனுஷன். ஆனால் பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட அவருக்கு வெட்கம். "இந்தா, துண்டு எங்க?" "இந்தா, செத்த தண்ணி குடு." கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு அக்கா 'இந்தா'தான். அக்கா அவரை 'ஏனுங்க' என்பாள். அது புகுந்த வீட்டிலிருந்து ஒட்டிக்கொண்டது. என்னை 'ஏலே' என்பாள்; அது நான் பிறந்ததிலிருந்து இருக்கிறது. எங்கள் வீட்டில் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்பது எங்களுக்கே தெரியாது. யாழினிதான் கண்டுபிடித்தாள். எல்லாவற்றையும் கேட்டு மனசில் போட்டுக்கொண்டவள், வாயைத் திறந்ததும் எங்களுக்குப் பேர் வைத்துவிட்டாள். அப்பா 'னுங்க'. மாமா 'ஏயே'. அம்மா 'இந்தா'.

மச்சானுக்கு ஒரே பெருமை. "பாத்தியா மாப்ள, இந்த வீட்டுல எனக்கு மரியாத குடுக்கற ரெண்டாவது ஆளு" என்று தூக்கிக் கொஞ்சினார். கஷ்டமெல்லாம் அக்காவுக்குத்தான். 'இந்தா' என்று சத்தம் வந்தால், பிள்ளை கூப்பிடுகிறதா, எதையாவது கொடுக்கிறதா என்று தெரியாது. வாங்கலாம் என்று கையை நீட்டினால் வெறுங்கையோடு நிற்கும். என்னவென்று கேட்கக் குனிந்தால் சப்பிய பிஸ்கட்டை வாயில் திணிக்கும். ஒரு தடவை பாத்ரூமிலிருந்து 'இந்தா' என்றது. கூப்பிடுகிறது என்று நினைத்து அக்கா போனாள். கொடுத்தது. என்ன கொடுத்தது என்று நான் எழுதப்போவதில்லை.

அக்கா இதற்கெல்லாம் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், ஒட்டன்சத்திரத்திலிருந்து அவளுடைய நாத்தனார் போன் பண்ணும் வரைக்கும். "ஏனம்மிணி, புள்ள அம்மான்னு கூப்புடுதா? என்ற பையன் தவழும்போதே கூப்புட்டுட்டானாக்கும். தீவாளிக்கு வாறோமல்லோ, வந்து பாக்கறன்."

போனை வைத்துவிட்டு அக்கா முறுக்கு மாவைப் பிசைந்தாள். மாவு பதத்துக்கு வந்த பிறகும் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "கீழ மில்லுக்கு வாரவக பிள்ளைக அம்புட்டும் அம்மா அம்மாங்குது. ஒவ்வொரு தடவையும் நான் திரும்பிப் பாக்குறேன்டா. ஒண்ணுகூட எனக்கில்ல."

எனக்குத் தாங்கவில்லை. படித்தவன் ஒருவன் வீட்டில் இருந்து என்ன பிரயோசனம்? அந்த செமஸ்டரில் குழந்தை உளவியல் எங்களுக்கு ஒரு பாடம். பிள்ளை நாம் விரும்பியதைச் செய்தவுடன் பரிசு கொடுத்தால் அது பழக்கமாகிவிடும் என்று அடிக்கோடு போட்டுப் படித்திருந்தேன். அக்காவின் கல்யாண போட்டோவைச் சுவரில் யாழினி உயரத்துக்கு ஒட்டினேன். பக்கத்தில் ஒரு தட்டு முறுக்கோடு உட்கார்ந்தேன். போட்டோவைத் தொட்டு, "அம்மா. எங்க சொல்லு, அம்மா" என்றேன். முதல் நாள் அவள் போட்டோவை நக்கிப் பார்த்தாள். அடுத்த நாள் 'ம்மா' என்றாள். எனக்குப் புல்லரித்துவிட்டது. உடனே ஒரு முறுக்கை ஒடித்து நீட்டி, "இந்தா" என்றேன்.

அவள் முறுக்கைப் பார்க்கவில்லை. திரும்பி அடுப்படியில் இருந்த அக்காவைப் பார்த்தாள்.

அப்போதாவது நான் புத்தகத்தை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. 'இந்தா' சொல்லாமல் வாயை இறுக்கிக்கொண்டு முறுக்கைக் கொடுத்தேன். அவளும் தேறிக்கொண்டே வந்தாள். ஒரு நாள் மத்தியானம் அக்காவும் நானும் வெளியே மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். உள்ளேயிருந்து, போட்டோவும் நானும் இல்லாமல், தானாகவே, கணீரென்று ஒரு குரல்: "அம்மா. அம்மா."

அக்கா ஈரச் சேலையைத் தோளில் போட்டபடியே ஓடிவந்தாள். நானும் ஓடினேன். யாழினி முறுக்கு டின்னைக் கட்டிப்பிடித்து, மூடியில் கன்னத்தை வைத்து, "அம்மா" என்று கொஞ்சிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் டின்னைத் தட்டிக்காட்டி அக்காவிடம் முறையிட்டாள்: "இந்தா, அம்மா தா."

அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "ஏலே, நீ வாத்தியாராகி எத்தன பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தப் போற?" என்று மட்டும் கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால் சேலையைக் காயப்போடத் திரும்பிப் போனவள் ரொம்ப நேரம் வரவில்லை.

தீபாவளிக்கு முந்தின நாள் கடைவீதிக்குப் போனோம். மச்சானுக்கு லோடு இருந்தது. நானும் அக்காவும் பிள்ளையும்தான். அந்தக் கூட்டத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நாம் நடக்க வேண்டாம், அதுவே கொண்டுபோய் விட்டுவிடும். ஒரு வளையல் கடையில் கடைக்காரம்மா அக்கா கையைப் பிடித்து வளையல் ஏற்றிக்கொண்டிருந்தார். யாழினி அக்காவின் நீலச் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் இன்னொரு அம்மாவும் நீலச் சேலை. அந்தத் தீபாவளிக்கு ஊரில் பாதிப் பேர் நீலம்தான். வளையல் விரல் முட்டியில் சிக்கி நிற்க, அக்கா குனிந்து பார்த்தபோது பிள்ளை இல்லை. மாற்றி அந்த இன்னொரு நீலத்தைப் பிடித்துக்கொண்டு போய்விட்டிருக்கிறாள்.

அக்கா பிள்ளையின் பேரைச் சொல்லிக் கத்தினாள். அந்த இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை. அவள் முகம் அப்படி வெளிறி நான் பார்த்ததில்லை. பைகளைக் கடையிலேயே போட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் புறப்படப் போனோம்.

அப்போது வீதி முழுக்கக் கட்டியிருந்த போலீஸ் ஒலிபெருக்கியில், நகைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்த பெண் குரல் நின்று, வேறு மாதிரிப் பேசியது. "ஒரு பெண் குழந்தை நம்மகிட்ட இருக்கு. கண்ணு, அழுகக் கூடாது. அம்மா பேரு என்ன? இந்த மைக்குல சொல்லு."

"இந்தா."

"என்ன தர்ற? கையில ஒண்ணுமில்லையே."

"இந்தா. இந்தா."

கடைவீதி முழுக்க அது ஒலித்தது. நான் என் கண்ணால் பார்த்தேன்: வீதியில் நின்ற பெண்களில் பாதிப் பேர் தங்கள் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்து, "என்ன?" என்றார்கள். "நான் கூப்புடலயே" என்றார்கள் அவர்கள். ஒரே ஒருத்தி மட்டும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள்.

மூச்சு வாங்க நான் போய்ச் சேர்ந்தபோது, போலீஸ் பந்தலுக்குள் மேஜை மேல் யாழினி உட்கார்ந்திருந்தாள். அழுகையை நிறுத்த யாரோ வாங்கிக் கொடுத்த பொட்டலம் ஒன்று பக்கத்தில். போலீஸ்காரம்மா அக்காவைக் கையால் நிறுத்தினார். "உங்க பிள்ளதானா? இருங்க, சும்மா தூக்கிக் குடுத்துற முடியாது." பிறகு குனிந்து, "கண்ணு, அம்மா எங்க? அம்மாவக் காட்டு" என்றார்.

யாழினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, விரலை நீட்டி, பொட்டலத்தைக் காட்டினாள். முறுக்குப் பொட்டலம்.

என் பாடம் அவ்வளவு நன்றாக ஏறியிருந்தது. போலீஸ்காரம்மா பொட்டலத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "என்னம்மா இது?" என்றார்.

நான் உளவியலிலிருந்து ஆரம்பித்து விளக்கப்போனேன். அக்கா என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள். வியர்த்து வழிந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் வளையல் பாதி ஏறியும் ஏறாமலும் நின்றது.

"மேடம், நான் அம்மா இல்ல. நான் இந்தா."

யாழினி குரலைக் கேட்டுத் திரும்பினாள். ஒரு முறுக்கை எடுத்து, எட்டுகிற மட்டும் கையை நீட்டி, "இந்தா" என்றாள். அக்கா குனிந்து அதை வாயால் வாங்கிக்கொண்டாள். பிள்ளை அப்படியே கழுத்தைக் கட்டிக்கொண்டது.

போலீஸ்காரம்மா மறித்த கையை எடுத்தார். "தூக்கிட்டுப் போங்க. எங்க வீட்டுலயும் எனக்கு அதான் பேரு" என்றார்.

மறுநாள் நாத்தனார் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே, "ஏனம்மிணி, அம்மான்னுதா?" என்றார். "இல்லைங்க அண்ணி, என்னைய இந்தாங்கும்" என்றாள் அக்கா. யாரோ கொடுத்த பட்டத்தைச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். யாழினியும் சரியாக அப்போது பார்த்து "இந்தா" என்றாள். நாத்தனார் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். நீட்டிய கையோடு வெகுநேரம் நின்றார்.

'அம்மா' எப்போது வந்தது என்று எங்களுக்குத் தெரியும். தை பிறந்து ஒரு காலையில், காய்ச்சலில் படுத்தபடி சொன்னாள். அக்கா அழுதாள், மச்சான் கடைக்கு ஓடி மிட்டாய் வாங்கிவந்தார். 'இந்தா' எப்போது போனது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. கடைசியாக அவள் அப்படிக் கூப்பிட்ட நாளில் நாங்கள் எல்லாரும் வேறு ஏதோ வேலையாக இருந்திருப்போம். அந்த மில் இப்போது இல்லை, ஆயத்த மாவுப் பாக்கெட் விற்கிற கடை இருக்கிறது. அதன் மேல் யார் குடியிருந்தாலும் தும்ம மாட்டார்கள். யாழினி யூகேஜி போகிறாள். பழைய கதையைச் சொன்னால், "நான் ஒண்ணும் அப்பிடிக் கூப்பிடல, மாமா பொய் சொல்றாங்க" என்கிறாள். என்னை 'மாமா' என்கிறாள், 'ங்க' போட்டு. மச்சானும் பிள்ளைக்காகத் திருந்தி, அக்காவை 'யாழி அம்மா' என்று கூப்பிடப் பழகிக்கொண்டார். ஆக, அக்கா வீட்டில் இப்போது இந்தா என்று யாரும் இல்லை.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் கேட்டேன். "ஏன்க்கா திரும்புன? அவரு டிக்கெட்டுல்ல குடுத்தாரு. கூப்புடல."

அக்கா பையைத் தோள் மாற்றிக்கொண்டாள். யாழினியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர நேரமாகியிருந்தது.

"போடா. எது கூப்புடுறது, எது குடுக்குறதுன்னு எனக்கு என்னைக்குத் தெரிஞ்சிருக்கு?" என்றாள்.