சம்பளமில்லாத டிரில் வாத்தியார்

டிரில் வாத்தியாரைப் பள்ளிக்கூடத்தில் யாரும் வாத்தியாராக மதிப்பதில்லை. வெயிலில் நின்று கத்துவதற்கென்று ஒருவரை வைத்திருப்பதாகத்தான் நினைக்கிறார்கள். தொண்டை கட்டிக் கிடக்கும் சக டிரில் வாத்தியார்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பட்டாளத்தில் சுபேதாராக இருந்து, பென்ஷனோடு ஊர் திரும்பியதும், படித்த போர்டு பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. புது யுத்தம் தொடங்கியிருந்த சமயம். ஐந்தாம் வகுப்பில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். அடுத்த தடவையும் இப்படியே இருந்தால் அந்த வகுப்பையே எடுத்துவிடுவதாக இன்ஸ்பெக்டர் சொல்லிப் போயிருந்தார். எடுத்துவிட்டால் பையன்கள் வெண்ணந்தூருக்கு நடக்க வேண்டும். எவனும் நடக்க மாட்டான். ஆடு மேய்க்கப் போய்விடுவான். டிரில் வைத்தால் ஆசையாக வருவார்கள், சம்பளமில்லாமல் நானே சொல்லித்தருகிறேன் என்று போய் ஹெட்மாஸ்டரிடம் சொன்னேன். அவர் என் மீசையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சரி என்றார். பாவம், நல்ல மனிதர்.

எடத்து மாடு, வலத்து மாடு

'லெப்ட், ரைட்' என்றால் பாதிப் பேர் ஒரு காலையும் மீதிப் பேர் மற்றதையும் தூக்கினார்கள். ஒருவன் இரண்டையும் தூக்கி விழுந்தான். ஒரு வாரம் கத்திப் பார்த்து வெறுத்துப்போய், "எடத்து மாடு! வலத்து மாடு!" என்று ஏர் ஓட்டுகிற கணக்கில் சொன்னேன். அத்தனை கால்களும் ஒன்றாக விழுந்தன. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து மாட்டுக்குப் பின்னால் போகிறவர்கள் அல்லவா!

ராமசாமிக் கவுண்டர் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேரனும் வரிசையில் இருந்தான். எப்படி என்று பெருமையாகக் கேட்டேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நடக்கறதெல்லாம் நல்லாத்தானுங்க நடக்கறாங்க. எங்கீங்க கூட்டிட்டுப் போறீங்க?"

அரைக்கால் சட்டை

இன்ஸ்பெக்டர் வரும் நாளில் அத்தனை பேரையும் காக்கி அரைக்கால் சட்டையில் நிறுத்த எனக்கு ஆசை. அளவு எடுத்து வரும்படி ராசிபுரத்துத் தையற்காரர் சொன்னார். இடுப்பளவு போதும். கை கேட்டால்தானே? பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கும் முகாம்களில் வருஷக்கணக்காக எழுதிய கை. உயரம், மூச்சை இழுத்து ஒரு மார்பளவு, விட்டு ஒரு மார்பளவு, தகப்பன் பெயர், அங்க அடையாளம் என்று தலைக்கு ஒரு பக்கம் எழுதிவிட்டேன். பல்லைக்கூடப் பார்த்தேன்.

மறுநாள் ஐந்தாம் வகுப்பில் ஹெட்மாஸ்டர் மகன் மட்டும் உட்கார்ந்திருந்தான். சுபேதார் யுத்தத்துக்குப் பிள்ளை பிடிக்கிறார் என்று ஊர் முழுக்கப் பேச்சு. இன்ஸ்பெக்டர் வர இன்னும் ஒன்பதே நாள். ஹெட்மாஸ்டர் என் நோட்டைப் புரட்டினார். கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை. இவ்வளவுதான் கேட்டார்: "சட்டை தைக்கறதுக்கு முழங்கால் மச்சம் எதுக்குங்க?"

மேச்சேரி போனவர்கள்

பிள்ளைகளைத் திரும்ப அழைக்க நோட்டோடு வீடு வீடாகப் போனேன். முதல் வீட்டில், பையன் மேச்சேரிக்கு ஆடு வாங்கப் போயிருக்கிறான் என்றார்கள். இரண்டாவது வீட்டிலும் மேச்சேரி. ஐந்தாவது வீடு வருவதற்குள் மேச்சேரியில் ஆடுகளே மிஞ்சியிராது என்று எனக்குத் தோன்றிவிட்டது.

ஆறாவது வீட்டில் அலுத்துப்போய், டிரில் குரலில் "பழனிச்சாமி!" என்றேன். "ஆஜர் சார்!" என்று மேலே அட்டாலியிலிருந்து பதில் வந்தது. பானைகளுக்கு நடுவில் விறைப்பாக உட்கார்ந்திருந்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் அம்மாவுக்கு அழுகை வந்தது. அந்தம்மாள் கேட்டாள்: "ஒளிஞ்சாக்கூட உங்களுக்குப் பதில் சொல்லோணும்னு பழக்கிட்டீங்களே சாமி, இனி எங்க கொண்டு போயி ஒளிக்கறது?"

மாரப்பன் தங்கை

கடைசி வீட்டுக்குப் போகாமல் திரும்பிவிடலாமா என்று தெருமுனையில் நின்றேன். அது மாரப்பன் தங்கை காளியம்மாளின் வீடு. மாரப்பனும் நானும் ஒரே பலகையில் உட்கார்ந்து படித்தவர்கள். போன யுத்தத்தின்போது லீவில் வந்த நான், பூட்ஸையும் மீசையையும் காட்டி, கூடப் படித்தவர்களில் மாரப்பன் உட்பட மூன்று பேரைப் பஸ்ரா போர்முனைக்கு அழைத்துப் போனேன். மூன்று பேரும் திரும்பவில்லை. என் தோளில் முதல் பட்டை ஏறியது அவர்களைச் சேர்த்துவிட்டதற்காகத்தான். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

காளியம்மாள் மகனை ஒளிக்கவில்லை. தோளைப் பிடித்து முன்னால் நிறுத்திக்கொண்டு கையை நீட்டினாள். நோட்டைக் கொடுத்தேன். களி கிண்டிக்கொண்டிருந்த அடுப்பில் அதைச் செருகிவிட்டு, எரிந்து முடியும்வரை களியைத் துழாவினாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்: "பள்ளிக்கூடத்துக்கு எதாச்சும் செய்யோணும்னா, நீங்க அந்தப் பக்கம் வராதீங்கண்ணா. நீங்க வரலீன்னா எங்க பசங்க வந்துருவாங்க."

நான் போகவில்லை. இரண்டே நாளில் மேச்சேரி போனவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். இன்ஸ்பெக்டர் வந்து எண்ணிப் பார்த்தார். ஐந்தாம் வகுப்பு தங்கியது.

படித்த பள்ளிக்கூடத்துக்கு என்னால் ஆன கைங்கரியம் அதன் தெருவையே மிதிக்காமல் இருப்பதுதான் என்றால், அதை இன்றுவரை ஒரு நாள்கூட லீவு எடுக்காமல் செய்துகொண்டிருக்கிறேன்.