பதினோராவது விலா

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையின் ஒரு பாதியில் ஒரு கப்பலின் எலும்புக்கூடு நிற்கிறது. நடுவில் ஒரு முழம் நீளத்துக்கு முதுகுப் பலகை. அதன் குறுக்கே பதினொரு விலாப் பலகைகள். எட்டாவது விலா கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்திருக்கும். அதை யாரும் நிமிர்த்தக் கூடாது. யாரும் என்றால், குறிப்பாக நான்.

நாமே கோத்துச் செய்கிற இந்த மரக்கப்பல் பெட்டி முதலில் எனக்குத்தான் வந்தது. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, புனேயில் இருக்கும் எங்கள் மகள் அனுப்பினாள். அப்பா சும்மா இருந்தால் அம்மாவைப் படுத்தி எடுத்துவிடுவார் என்று அவளுக்கு நல்ல எண்ணம். நான் முப்பத்து நாலு வருஷம் ஒரு கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவன். இயந்திரங்களுக்கு வரைபடம் போடுவது என் பிழைப்பு. பெட்டியைப் பிரிப்பதற்கு முன் சரியான உயரத்தில் ஒரு மேஜை, இடது பக்கத்திலிருந்து வெளிச்சம், நல்ல அரம் ஒரு செட், இதெல்லாம் வேண்டும் என்று முடிவு செய்தேன். ஒவ்வொன்றாக ஏற்பாடு செய்துகொண்டே இருந்தேன். பெட்டி மூன்று வருஷம் பரணில் கிடந்தது.

போன வருஷம் ஆகஸ்டில், ஒரு மழை நாளில், தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலப் படியில் என் மனைவி வழுக்கி விழுந்தாள். வலது கையை ஊன்றினாள், மணிக்கட்டு முறிந்தது. நான் அவளுக்கு நாலு படி முன்னால் போய்க்கொண்டிருந்தேன். எங்கே போனாலும் நான் அப்படித்தான் நடப்பேன். அவள் கூப்பிட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

அவள் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். கரும்பலகையில் வெறும் கையால் ஒரே இழுப்பில் வட்டம் போடுவாள். காம்பஸ் வைத்து நான் போடும் வட்டத்துக்கும் அதற்கும் அதிக வித்தியாசம் இருக்காது. இதை நான் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அந்தக் கை ஆறு வாரம் மாவுக்கட்டில் இருந்துவிட்டு வெளியே வந்தபோது மரக்கட்டை மாதிரி இருந்தது. சாவியைத் திருப்ப வரவில்லை. டம்ளரைத் தூக்கினால் நடுங்கியது. இன்னும் மூன்று மாதத்துக்குள் எவ்வளவு அசைவு திரும்புகிறதோ அவ்வளவுதான், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நான் என்ன செய்தேன் என்றால், எல்லாவற்றையும் நானே செய்தேன். தலை பின்னிவிட்டேன், கோணலாக. சோற்றைப் பிசைந்து ஸ்பூன் போட்டுக் கொடுத்தேன். பேப்பரில் பக்கம் புரட்டிக் கொடுத்தேன். டீ போட்டேன். என் டீயை அவள் இரண்டு வாய் குடித்துவிட்டு வைத்துவிடுவாள். பால் ஜாஸ்தி, இஞ்சியைக் காட்டிவிட்டு எடுத்துவிட்டீர்கள் என்பாள். அதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டேன். பொறுமை என்பது எனக்கு வராத குணம், ஆனால் அந்த நாட்களில் என்னை நானே மெச்சிக்கொண்டு திரிந்தேன்.

கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் வாரம் மூன்று நாள் ஸ்கூட்டரில் வருவாள். ஜி.எஸ்.டி. ரோட்டில் பட்ட பாட்டையெல்லாம் ஹெல்மெட்டோடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பாள். மஞ்சள் ஸ்பான்ஜ் பந்து ஒன்றைக் கொடுத்து, ஒரு நாளைக்கு நூறு தடவை அமுக்கச் சொன்னாள். என் மனைவி அதை சோபாவுக்குப் பின்னால் போட்டுவிட்டு, காணவில்லை என்றாள். நான் தேடி எடுத்துக் கொடுத்தேன். மறுபடி காணாமல் போனது. என்ன கேட்டாலும் அவளுக்கு முந்திக்கொண்டு நான் பதில் சொல்வதைப் பார்த்து, அந்தப் பெண் ஒருநாள் என்னிடம், "சார், நீங்க கொஞ்ச நேரம் ஏரிக்கரைப் பக்கம் வாக்கிங் போய்ட்டு வாங்களேன்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பீர்க்கன்கரணை ஏரிவரை நடந்து போய், தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது பரணில் இருந்த பெட்டி மேஜைமேல் இருந்தது. அந்தப் பெண்தான் ஏணி போட்டு ஏறி இறக்கியிருக்கிறாள். மூன்று வருஷம் நான் பிரிக்காத பெட்டியை என் மனைவி இடது கையில் கத்தரிக்கோலைப் பிடித்து ஐந்து நிமிஷத்தில் பிரித்துவிட்டாள். பந்து பிசைய நான் என்ன குழந்தையா, இதைச் செய்கிறேன் என்றாளாம். மேஜை உயரம் சரியில்லை என்று ஆரம்பித்தேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன்.

வேலை இதுதான். முதுகுப் பலகையில் பதினொரு இடத்தில் காடி வெட்டியிருக்கும். காடி என்பது பலகையில் பலகை உட்காருவதற்கான வெட்டு. ஒவ்வொரு விலாவிலும் அதே மாதிரி ஒரு வெட்டு. இரண்டையும் எதிரெதிராக வைத்து, கட்டைவிரலால் அழுத்தி இறக்க வேண்டும். லேசர் வெட்டு என்பதால் மயிரிழைகூட இடைவெளி கிடையாது. முதலில் பசை போடாமல் இறக்கிப் பார்க்க வேண்டும், கழற்ற வேண்டும், மறுபடி இறக்க வேண்டும். அழுத்தும்போது மணிக்கட்டு தானாக மடங்கும், கழற்றும்போது திரும்பும். பிசியோ பெண் கைதட்டாத குறைதான். இதைவிட நல்ல பயிற்சியை நானே சொல்லியிருக்க முடியாது என்றாள்.

முதல் விலா முழுசாக இறங்க இரண்டு நாள் ஆயிற்று. உதட்டைக் கடித்துக்கொண்டு, நெற்றி வேர்க்க அழுத்தினாள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. அதற்குள் வடகிழக்கு மழை பிடித்துக்கொண்டது. சுவரெல்லாம் ஓதம், உப்பு ஜாடியில் தண்ணீர், துணி காயவே இல்லை. ஒரு மத்தியானம் அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது, பெட்டியோடு வந்த வரைபடத்தை மேஜையில் விரித்து ஸ்டீல் ஸ்கேலை வைத்தேன். பழக்க தோஷம். படத்தில் விலாக்கள் இருக்கும் இடமும் பலகையில் காடி இருக்கும் இடமும் பொருந்தவில்லை. பின்பக்கம் போகப் போக வித்தியாசம் கூடிக்கொண்டே போய், கடைசியில் இரண்டு மில்லிமீட்டர் வந்தது. அப்படிப் போடு என்று எனக்கு ஒரே சந்தோஷம். கட்டிங் தப்பு, அதனால்தான் இவள் இவ்வளவு சிரமப்படுகிறாள் என்று தீர்மானித்துவிட்டேன். அரத்தை எடுத்து, எல்லாக் காடியையும் படத்துக்குத் தக்கபடி அராவினேன். ஒன்றரை மணி நேரம், ரொம்ப நேர்த்தியான வேலை.

சாயங்காலம் அவள் வந்து உட்கார்ந்து ஒரு விலாவை எடுத்து வைத்தாள். அது தொபுக்கென்று விழுந்து, பல் ஆடுகிற மாதிரி ஆடியது. இன்னொன்றை வைத்தாள், அதுவும் ஆடியது. யார் அராவினது என்று கேட்டாள். வீட்டில் இருப்பது இரண்டே பேர். நான் ஸ்கேலையும் வரைபடத்தையும் காட்டி விளக்க ஆரம்பித்தேன். அவள் படத்தைப் பார்க்கவே இல்லை.

"எனக்கு வேண்டியது கப்பல் இல்லைங்க. அந்த இறுக்கம்தான்."

அவ்வளவுதான் சொன்னாள். வலது கையை மடியில் வைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

சண்டை போட்டிருந்தால் தேவலை. அதற்குப் பிறகு நான் செய்வதையெல்லாம் செய்யவிட்டாள். தட்டை வைத்தால், ஸ்பூன் வரும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்தாள். என் டீயைக் குறை சொல்லாமல் முழுசாகக் குடித்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அடுத்த வாரம் பிசியோ பெண் பாகைமானி மாதிரி ஒரு பிளாஸ்டிக் கருவியை வைத்து மணிக்கட்டு மடங்குவதை அளந்தாள். அவள் சொல்வதற்கு முன்பே நான் எட்டிப் பார்த்துப் படித்துவிட்டேன். போன தடவையைவிடக் குறைந்திருந்தது. டாக்டர் சொன்ன மூன்று மாதத்தில் பாதி போயிருந்தது.

மழை விட்டு, நாலு நாள் சேர்ந்தாற்போல் வெயில் அடித்தது. வரைபடத்தை மடித்து எடுத்து வைக்கலாம் என்று போனவன், கை சும்மா இராமல் மறுபடி ஸ்கேலை வைத்தேன். படத்தின் நீளம் குறைந்திருந்தது. முதல் விலாவுக்கும் கடைசி விலாவுக்கும் நடுவே இருந்த தூரம், பலகையில் முதலில் வெட்டியிருந்த காடிகளின் தூரத்துக்கு அச்சாகப் பொருந்தியது. மழை ஈரத்தில் காகிதம் ஊறி நீண்டிருக்கிறது, வெயிலில் சுருங்கிவிட்டது. மரம் முதலிலிருந்தே சரியாகத்தான் இருந்திருக்கிறது. வரைபடத்தின் மூலையில் நாலு மொழிகளில் ஒரு குறிப்பு இருந்தது. படத்தை அளக்க வேண்டாம், எழுதியுள்ள அளவுகளைப் பின்பற்றவும். முப்பத்து நாலு வருஷம் நான் போட்ட ஒவ்வொரு வரைபடத்தின் மூலையிலும் இதே வரியை என் கையால் எழுதியிருக்கிறேன். படத்தின்மேல் ஸ்கேலை வைத்த எத்தனையோ பேரை நாலு பேருக்கு எதிரில் திட்டியிருக்கிறேன். தலையில் அடித்துக்கொண்டேன். சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே அடித்துக்கொண்டேன்.

விலாக்களை வெட்டி எடுத்த பிறகு மிச்சம் இருந்த பலகைச் சட்டங்களிலிருந்து, வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசாகச் சீவல் எடுத்தேன். நான் அராவின ஒவ்வொரு காடியிலும் அந்தச் சீவலை ஒட்டி, காய வைத்து, உப்புத்தாளால் தேய்த்தேன். இரண்டு நாள் வேலை. இந்தத் தடவை வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவே இல்லை. விலாவையே அளவுகோலாக வைத்து, என் கட்டைவிரல் வலிக்கிற அளவுக்கு இறுக்கம் வரும்வரை செய்தேன். பிறகு அவளிடம் போய் நின்றேன். ஓய்வு பெற்ற நாளில்கூட எனக்கு இப்படி வார்த்தை தடுமாறவில்லை.

"தப்பு என்னோடதுதான். காகிதம் ஊறியிருந்தது. மரம் சரியாத்தான் இருந்தது."

"முப்பத்தி நாலு வருஷ சர்வீஸ்" என்றாள். பிறகு மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். தான் கூப்பிடும்வரை மேஜையில் நான் கை வைக்கக் கூடாது என்பது ஒப்பந்தம்.

அதற்குப் பிறகு இரண்டு நாளைக்கு ஒரு விலா இறங்கியது. பசை போட்டு, மூலைமட்டம் வைத்துப் பார்த்து, காயும்வரை அசையாமல் இருக்க இரண்டு பக்கமும் துணி க்ளிப் மாட்டிவிடுவாள். எட்டாவது விலா அன்று கை நடுங்கியது போலிருக்கிறது. சாய்வாக உட்கார்ந்துவிட்டது. பசை காய்வதற்குள் நிமிர்த்தினால் நிமிர்ந்துவிடும், ஒரே ஒரு விரல் போதும். அவளுக்கும் தெரிந்திருக்கும். எதிர் நாற்காலியில் இருந்த நான் வாயைத் திறக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு, யாரும் சொல்லாமலேயே ஏரிக்கரைக்கு நடந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த கடினமான காரியங்களில் அதுவும் ஒன்று.

பதினோராவது விலாவை டிசம்பர் முதல் வாரத்தில் வைத்தாள். கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்ட வேண்டும், கேக்குக்குப் பழம் நறுக்க வேண்டும் என்று நான் பேப்பரை வைத்துக்கொண்டு புலம்பிக்கொண்டிருந்தேன். என்னங்க, இங்க வாங்க என்று கூப்பிட்டாள். பேப்பரைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"ரெண்டு கையாலயும் இதைப் பிடிச்சுக்கோங்க. இருபது நிமிஷம். விட்டா சாஞ்சுடும்."

பிடித்துக்கொண்டேன். கடைசியில் என் உதவி தேவைப்பட்டதே என்று உள்ளுக்குள் ஒரு பெருமை. அவள் எழுந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அடுப்படியில் லைட்டர் சத்தம் கேட்டது. டக், டக் என்று நாலைந்து தடவை. பற்றவில்லை. அந்த லைட்டரை அமுக்க வலது கட்டைவிரலில் நல்ல பலம் வேண்டும். என்ன செய்கிறாய் என்று குரல் கொடுத்தேன். பேசாமல் பிடியுங்கள் என்று பதில் வந்தது. இன்னொரு டக், குப்பென்று பற்றிக்கொண்டது.

பிறகு இஞ்சி இடிக்கும் சத்தம். ஒரு இடி, இடைவெளி, இன்னொரு இடி. ஒவ்வொரு இடிக்கும் எனக்குத்தான் மணிக்கட்டு வலித்தது. கொதிக்கிற பாத்திரத்தை இடுக்கியால் தூக்க வேண்டுமே, கை நடுங்கிக் காலில் கொட்டிக்கொண்டால் என்ன செய்வது? ஏதோ ஒரு டம்ளர் விழுந்து உருண்டது. நான் பாதி எழுந்தேன். விலா சாய்ந்தது. உட்கார்ந்தேன். எழுந்தால் அவளுடைய பதினோராவது விலா போய்விடும், உட்கார்ந்தால் அவள் தனியாக இருக்கிறாள். உட்கார்ந்தே இருந்தேன்.

வலது கையில் ஒரு டம்ளரோடு வந்தாள். இடது கையை அடியில் கொடுக்கவில்லை. தரையெல்லாம் சொட்டுச் சொட்டாகச் சிந்தியிருந்தது, டம்ளரில் முக்கால்தான் இருந்தது. அதை என் முன்னால் வைத்துவிட்டுத் திரும்பிப் போய், அதே கையில் தன்னுடையதையும் கொண்டுவந்தாள். உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியிலிருந்த டப்பாவைத் திறந்தாள். டப்பா நிறைய துணி க்ளிப். இரண்டை எடுத்து விலாவின் இரண்டு பக்கமும் மாட்டிவிட்டு, "இப்ப விடலாம்" என்றாள்.

கையை விட்டேன். அவ்வளவு நேரம் அசையாமல் பிடித்திருந்ததில் விரல்கள் மரத்துப்போயிருந்தன. டம்ளரைப் பிடித்தேன், நழுவியது. மறுபடி பிடித்தேன், நடுங்கியது. அவள் எதிரில் தன் டீயைக் குடித்துக்கொண்டே பார்த்திருந்தாள். நான் எடுத்து வாயில் வைக்கும்வரை உதவிக்குக் கையை நீட்டவில்லை. இஞ்சி சரியாக இருந்தது.