எனியோனத்தின் கோணல் விரல்

எனியோனத்தின் வலது ஆள்காட்டி விரல் நேராக நீளாது. பதினோரு வயதில், சித்தி உரலில் ஃபூஃபூக் களிக்குக் கிழங்கு இடிக்க, இவள் பக்கத்தில் உட்கார்ந்து வெந்த கிழங்கைத் திருப்பிவிட்டுக் கொண்டிருந்தாள். தெருவில் யாரோ சிரிக்கிறார்களே என்று ஒரு நொடி பராக்குப் பார்த்தாள், உலக்கை இறங்கிவிட்டது. எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. அந்த விரலை வைத்துக்கொண்டுதான் க்பாலிமே ஊர்ப் பள்ளியில் இருபத்திரண்டு வருடம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கூட்டெழுத்து சொல்லிக் கொடுத்தாள். கையெடுக்காமல், ஓர் எழுத்தின் வாலில் அடுத்த எழுத்தைக் கோத்துக்கொண்டே போகும் எழுத்து.

அவளிடம் பேனாவைத் தொடுவதற்கே ஆறு மாதம் ஆகும். முதலில் இரண்டே விரலால் நிலக்கடலை உரிக்க வேண்டும். பிறகு பயறில் கல் பொறுக்க வேண்டும். அதற்குப் பிறகு மணல் தட்டில் விரலால் சுழி. "ஏறு, வளை, இறங்கு, நில்" என்று அவள் பாட, அறுபது குழந்தைகளும் முழங்கையை ஆட்டிக் காற்றில் சுழிப்பார்கள். சிலேட்டு எல்லாம் முடிந்த பிறகுதான் நோட்டு. இது பள்ளிக்கூடமா சமையல்கட்டா என்று தலைமையாசிரியர் அமேவி கேலி பேசுவார். பேசட்டும். சட்டைப் பொத்தானைக்கூடப் போடத் தெரியாமல் வந்த பிள்ளைகள் ஈஸ்டர் விடுமுறைக்குள் தாமே பொத்தான் போட்டு, செருப்பு வாரைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அமேவியின் கடைசி மகளும் அதில் ஒருத்தி. அவர் அதை மட்டும் மறந்துவிடுவார்.

ஆனால் ஒரு குறை இருந்தது. உயரமான எழுத்தின் சுழியை வளைத்து இறக்கும்போது கோணல் விரல் ஒரு மயிரிழை நழுவும். சுழியின் தோளில் சின்னதாய் ஒரு பள்ளம் விழும். பிள்ளைகளுக்கு அது டீச்சரின் விரல் கோளாறு என்று தெரியுமா? எழுத்தே அப்படித்தான் என்று நினைத்து, பள்ளத்தோடு சேர்த்தே எழுதினார்கள். ஆரம்பத்திலேயே ஓர் ஆய்வாளர் அதைக் கண்டுபிடித்துச் சொன்னார். சுவரில் அச்சுப் படம் ஒன்றை மாட்டி, அதைப் பார்த்து எழுதச் சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். எனியோனம் கேட்கவில்லை. "இருக்கட்டும்யா. எங்க போனாலும் இது என் பிள்ளைன்னு தெரியட்டுமே" என்று சிரித்தாள்.

அவள் கைக்கு மசியாத பிள்ளை ஒன்றே ஒன்றுதான், யாய்ரா. எனியோனம் வேலைக்கு வந்த முதல் வருடத்து வகுப்பு. அந்தப் பெண் எழுதினால் ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் பேச்சுவார்த்தையே இருக்காது. இடைவேளையில் வெளியே விடாமல் உட்கார வைத்து எழுதச் சொல்லிப் பார்த்தாள். எல்லார் முன்னாலும் சிலேட்டைத் தூக்கிக் காட்டி, கோழி கிளறியது என்றாள். அதே வகுப்பில் இன்னொரு வருடமும் போட்டாள். யாய்ரா அழுதாள், அவ்வளவுதான் நடந்தது.

இத்தனை வருடமும் எனியோனம் தற்காலிக டீச்சர்தான். ஒவ்வொரு அக்டோபரிலும் இந்த வருடம் கூப்பிடுவார்களா, மாட்டார்களா என்று காத்திருக்கும் பிழைப்பு. நிரந்தரம் ஆக வயது வரம்பு நாற்பத்தைந்து. அவளுக்கு நாற்பத்து நான்கு முடிந்தபோது அறிவிப்பு வந்தது. இதை விட்டால் இனி கிடையாது. விண்ணப்பம் அவரவர் சொந்தக் கையெழுத்தில் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தார்கள். எனியோனத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மற்றவர்கள் இந்த வரியைப் பார்த்துப் பயப்படுவார்கள், இவளுக்கு இதுதானே பலம். குளித்து, துவைத்த துணி உடுத்திக்கொண்டு உட்கார்ந்து, ஒரே மூச்சில் எழுதினாள். ஓர் அடித்தல் இல்லை.

ஒரு மாதம் கழித்துத் தேர்வுக் குழுவிடமிருந்து ஆள் வந்தது. போனாள். மேசை மேல் பத்து விண்ணப்பங்கள் பரத்தி வைத்திருந்தார்கள். ஒன்று அவளுடையது. மற்ற ஒன்பதும் வேலைக்கு மனுப் போட்ட அவளுடைய பழைய மாணவர்களுடையவை. பத்திலும் சுழியின் தோளில் அதே பள்ளம்.

"பத்தும் ஒரே கை. எழுதிக் குடுத்தது யாரும்மா?" என்றார் கண்ணாடி போட்டவர்.

"யாரும் எழுதிக் குடுக்கலய்யா. அதுங்க எல்லாம் என் பிள்ளைங்க. நான் எழுதக் கத்துக் குடுத்ததுங்க."

அவர் ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளி, இரண்டு வரி எழுதச் சொன்னார். அவள் கொஞ்சம் கிறுக்கலாக எழுதியிருந்தாலாவது தப்பித்திருக்கலாம். அது அவள் புத்தியில் உறைத்தால்தானே? வாழ்நாளில் எழுதாத அழகில் எழுதி நீட்டினாள்.

அவர் அதைப் பத்துக்கும் நடுவில் வைத்துப் பார்த்தார். "பாத்தீங்களா, பத்தும் உங்க கைதான். நீங்களே நிரூபிச்சுட்டீங்க" என்றார்.

அந்த ஒன்பது பேரையும் கூப்பிட்டு எழுதச் சொல்லிப் பாருங்கள் என்று கெஞ்சினாள். கூட்டுச் சேர்ந்து ஏமாற்றியவர்களுக்கு விருந்து வேறு வைக்க வேண்டுமா என்று கேட்டுவிட்டு, அவர் அடுத்த விண்ணப்பக் கட்டைக் கையில் எடுத்தார். பத்துப் பேரையும் தள்ளிவிட்டார்கள். அதற்குப் பிறகு சந்தையில் அந்தப் பிள்ளைகளின் தாய்மார் இவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தி நேராகவே கேட்டாள்: "உன் விரல் கோணல்னா அது உன்னோட போகக் கூடாதா அக்கா? எம் பொண்ணு கையிலயும் வெச்சு அனுப்பணுமா?" எனியோனம் வாங்கிய தக்காளியைக்கூட எடுக்காமல் வந்துவிட்டாள்.

அக்டோபரில் பள்ளி திறந்தது. ஒன்றாம் வகுப்புக்கு நிரந்தர டீச்சர் வந்தாள். யாய்ரா!

அவள் விண்ணப்பம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். எழுத்துக்கு எழுத்து முறைப்பு. இது இவளுடைய கைதானா என்று ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. வேறு யார் அப்படி எழுதுவார்கள்?

கிறிஸ்துமஸ் வரைக்கும் எழுத்துப் பாடத்துக்கு மட்டும் கூட இருந்து உதவச் சொல்லி எனியோனத்தை அமேவி கேட்டார். மறுக்க அவளுக்கு வேறு போக்கிடம் ஏது?

"டீச்சர், எழுத்து மட்டும் நீங்களே சொல்லிக் குடுங்க. எனக்கு இன்னும் வரல" என்றாள் யாய்ரா. அந்தப் பெண் மனதில் ஒரு குத்தலும் இல்லை, உண்மையாகவேதான் கேட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை.

"வராம இருந்ததாலதான்டி நீ இங்க நிக்கற" என்றாள் எனியோனம்.

ஆனாலும் சாக்பீஸை எடுத்தாள். ஏற்றினாள், வளைத்தாள், இறக்கினாள். பள்ளம் விழுந்தது. அழித்துவிட்டு மறுபடி எழுதினாள். மறுபடியும் விழுந்தது. நடுவிரலால் பிடித்துப் பார்த்தாள், சாக்பீஸ் உடைந்தது. மிச்சத் துண்டை யாய்ராவின் கையில் வைத்து, "நீ எழுது. உன்னுதப் பாத்தே எழுதட்டும்" என்றாள்.

யாய்ரா தயங்கித் தயங்கி எழுதினாள். பலகையில் எழுத்துகள் ஒன்றையொன்று தொடாமல் நின்றன. பிள்ளைகள் அதைப் பார்த்து எழுத, எனியோனம் பெஞ்சு பெஞ்சாகப் போய், சின்னக் கைகளைப் பிடித்து, அப்படியே பிரித்துப் பிரித்து எழுத வைத்தாள்.

கடைசி பெஞ்சில் செனா இருந்தாள். போன வருடம் மலேரியாவில் படுத்து, இதே வகுப்பில் மறுபடி உட்கார்ந்த பெண். பலகையை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சிலேட்டு நிறையச் சுழி போட்டு, ஒவ்வொரு சுழியின் தோளிலும் அந்தப் பள்ளத்தை விடாமல் வைத்திருந்தாள்.

"டீச்சர், பாருங்க. உங்கள மாதிரியே எழுதிட்டேன்."

"அழி" என்றாள் எனியோனம்.

செனா புரியாமல் அவள் முகத்தையே பார்த்தாள். எனியோனம் குனிந்து, தன் புறங்கையாலேயே சிலேட்டைத் துடைத்தாள்.