குடல் தின்ற கப்பல்

வால்புர்கா ரீட்ல் இறைச்சிக்கடைக்காரி. புருஷன் போனபின் ஒற்றையாளாகக் கடையை நடத்தி மகன் அலோய்ஸை ஆளாக்கினவள். ஜெர்மனியின் அந்தப் பவேரிய ஊரில், குடலுக்குள் இறைச்சியை அடைத்து அவள் செய்யும் சாசேஜ் இல்லாமல் கல்யாணச் சாப்பாடும் கிடையாது, துக்கச் சாப்பாடும் கிடையாது. அப்படிப்பட்டவளிடம், உலகப்போர் நடந்த 1916-இல் அரசாங்கத்து ஆள் வந்து, இனி சாசேஜே போடக்கூடாது என்றால் வயிறு எரியாதா?

காரணம் போர்க்கப்பல். கடலில் அல்ல, வானத்தில் போவது. அதன் உலோகக் கூட்டுக்குள் வாயு அடைக்கும் பைகளை மாட்டுக்குடல் தோலை ஒட்டித்தான் செய்தார்கள். ஒரு கப்பலுக்கே லட்சக்கணக்கான மாடுகள். குடல் வசூலிக்க ஹூபர் என்ற அதிகாரி வாராவாரம் வந்துவிடுவார்.

அலோய்ஸுக்கு அப்படியொரு கப்பலில்தான் வேலை. விடுப்பில் வந்தவன் கதவைத் திறக்கும்போதே, "அம்மா, சாசேஜ் இருக்கா?" என்றான்.

அவள் உப்புத்தொட்டிக்கு அடியிலிருந்து, ஒளித்து வைத்திருந்த குடலை எடுத்தாள். அவன் முகம் மாறியது.

"ஐயோ அம்மா, வேணாம். ஒரு பை ஒழுகினாலும் நாங்க கீழதான். குடுத்துடு. போர் முடியட்டும், வயிறு முட்டத் தின்னுறேன்."

தானே கொண்டுபோய் ஹூபரிடம் கொடுத்தான். பாவி மகன், முள்ளங்கியையும் ரொட்டியையும் தின்றுவிட்டு ரயிலேறினான்.

இலையுதிர்காலத்தில் இங்கிலாந்துக்கு மேலே கப்பல் தீப்பிடித்தது. ஒருவரும் மிஞ்சவில்லை. உடம்பும் வரவில்லை.

அடுத்த வாரமே ஹூபர் வந்து நின்றார். "புதுக் கப்பல் கட்டுறாங்கம்மா. குடல்..."

"வெட்கமா இல்ல?" வால்புர்கா கத்தியைப் பலகையில் குத்தினாள். "எம்புள்ள வாயிலேருந்து பிடுங்கினீங்க. அவனையும் எரிச்சீங்க. இன்னும் வேணுமா? கப்பல் கட்டச் சொன்னவன் குடலை உருவிக்கோ, போ!"

"சட்டம்மா. கடையை மூடிடுவாங்க."

"மூடட்டும். எம்புள்ளைக்குத் துக்கச் சாப்பாடு போடணும்."

அந்த வாரம் கடையில் சேர்ந்திருந்த அத்தனை குடலிலும் இறைச்சியை அடைத்தாள். தேவாலயத்தில் பூசை முடிந்து ஊரே வந்து சாப்பிட்டது. கடைக்குச் சீல் வைக்க வந்த போலீஸ்காரனும் உட்கார்ந்து சாப்பிட்டான். பிறகு எழுந்து, வழக்குக்குச் சாட்சி வேண்டுமென்று, யாரும் தொடாமல் மிச்சமிருந்த ஒரே சாசேஜ் தட்டை எடுக்கப் போனான்.

"கையை எடு," என்றாள் வால்புர்கா. "அது அலோய்ஸோடது."