வீடியோவில் ஏறிய ஊசி

"கொரோனா பேட்ச்" என்று சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு சிரிப்பார்கள் பாருங்கள், அதைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்னமோ அந்தப் பிள்ளைகள்தான் போய் நோயைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்த மாதிரி. எங்கள் எதிர் வீட்டு அன்புச்செல்வியும் அந்த பேட்ச்தான். கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் காலனி. அவளுடைய அப்பா மாரப்பன் தோப்புகளில் தேங்காய் உரிக்கிறவர். அம்மா பாவாத்தாள் நார் மில்லுக்குப் போகிறாள். பிளஸ் டூ முடித்ததும் கோயமுத்தூரில் ஒரு தனியார் கல்லூரியில் லேப் டெக்னீஷியன் படிப்புக்குச் சேர்த்தார்கள். சேர்ந்தது இரண்டாயிரத்து இருபதில். அவள் கல்லூரி வாசலை மிதிப்பதற்கு முன்னால் வகுப்பு போனுக்குள் வந்துவிட்டது.

ரத்தம் எடுப்பதைப் போனில் எப்படிச் சொல்லிக் கொடுப்பார்கள் என்று எனக்கு அப்போதே சந்தேகம். வீடியோ அனுப்பினார்கள். எங்கள் காலனியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் கொஞ்சம் டவர் கிடைக்கும். அங்கே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, வெயிலுக்குத் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு பார்ப்பாள். உறை போட்ட கை ஒன்று வரும். முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையைக் கட்டும், நரம்பைத் தடவிப் பார்க்கும், ஊசியைத் தோலுக்குப் பக்கத்தில் கொண்டுவரும். சரியாக அந்த நேரம் பார்த்துத் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். வட்டம் நின்று படம் வரும்போது குழாயில் ரத்தம் நிறைந்திருக்கும். ஊசி உள்ளே போவதை மட்டும் அவள் பார்த்ததே இல்லை. இதை அவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள். அப்போது சிரிக்க முடிந்தது.

செய்முறைத் தேர்வும் வீடியோதான். வீட்டிலேயே ரத்தம் எடுப்பது போல் எடுத்து அனுப்ப வேண்டும். குளுக்கோஸ் ஏற்றுகிற டியூபில் குங்குமத் தண்ணீரை நிரப்பி, அண்ணன் கதிரின் கையில் ஒட்டி, மேலே பிளாஸ்திரி போட்டு மறைத்து, அதில் ஊசியைக் குத்தினாள். பாவாத்தாள் போனைப் பிடித்துக்கொண்டாள். கதிர் வலிப்பது போல முகத்தைச் சுளித்தான். இந்த வழியை வாட்ஸாப்பில் சொல்லிக் கொடுத்ததே அவர்களுடைய வாத்தியார்தான். கல்லூரி திறந்த பிறகாவது ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தார்களா என்றால், ரப்பரில் செய்த ஒரே ஒரு கை, அதற்கு முன்னால் மொத்த வகுப்பும் வரிசையில். அவள் முறை வந்தபோது எத்தனையோ பேர் குத்திய ஓட்டையிலேயே ஊசி தானாகப் போய்விட்டது. அவ்வளவுதான் படிப்பு. முதல் வகுப்பில் பாஸ் என்று சர்டிபிகேட் வந்தது.

கதிரும் அவன் கூட்டாளிகளும் சும்மா இருப்பார்களா? காலனி முக்கில் ஃபிளெக்ஸ் கட்டினார்கள். வெள்ளைக் கோட்டில் அன்புச்செல்வி, கீழே 'எங்கள் மண்ணின் முதல் இரத்தப் பரிசோதனை நிபுணர்' என்று பெரிய எழுத்து. மாரப்பன் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் சைக்கிளை நிறுத்தி அதைப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். அவள் மட்டும் அந்தப் பக்கம் தலையைத் திருப்பாமல் போய்விடுவாள். வெட்கப்படுகிறாள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். வெட்கம்தான், ஆனால் நாங்கள் நினைத்த வெட்கம் இல்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து லேபில் வேலை கிடைத்தது. முதல் நாள் ஒரு அம்மாவின் கையில் குத்தினாள். ரத்தம் வரவில்லை, கைதான் வீங்கியது. உள்ளே போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தாள். அன்றைக்கே முதலாளி ஐயாசாமியிடம் "எனக்கு வரலைங்க, சொல்லிக் குடுங்க" என்று கேட்டிருந்தால் ஒரே வாரத்தில் பழகியிருப்பாள். முதல் வகுப்பு என்று சொல்லித்தானே வேலைக்கு வந்தாள், எந்த வாயால் கேட்பாள்? கூட வேலை பார்க்கிற நந்திதா, கல்லூரிகள் ஒழுங்காகத் திறந்த பிறகு ஆஸ்பத்திரியில் பழகிப் படித்தவள். அவளிடம்தான் அன்புச்செல்வி ஒரு ஏற்பாடு செய்துகொண்டாள்.

"நந்து, ரத்தமெல்லாம் நீயே எடுத்துரு சாமி. யூரின், மலம், குழாய் கழுவறது எல்லாம் நான் பார்த்துக்கறேன்."

"சரிங்க்கா" என்றாள் நந்திதா. ஏன் என்று கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததே அன்புச்செல்விக்கு உறுத்தியது. தன்னைவிடச் சின்னவளுக்குத் தெரிந்துபோயிற்று என்று அவளுக்குக் கூசியது. அப்படியே இரண்டு வருஷம் ஓட்டினாள். காலனியில் யாராவது "ஊட்டுக்கு வந்து எடுத்துக் குடு அம்மணி" என்றால், "மிஷின் அங்கதானுங்க இருக்கு, லேபுக்கு வந்துருங்க" என்று நழுவிவிடுவாள்.

போன வருஷம் கதிர் கூட்டாளிகள் எங்கள் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் இலவச ரத்தப் பரிசோதனை முகாம் வைத்தார்கள். சர்க்கரை, கிட்னி, கொழுப்பு எல்லாம் பார்ப்பதாகப் பேச்சு. லேபிலிருந்து நந்திதாவும் அன்புச்செல்வியும் வருவதாக ஏற்பாடு. முகாமுக்கு முந்தின நாள் சாயங்காலம் நந்திதாவுக்குக் காய்ச்சல். ஐயாசாமி போனில், "உங்க ஊருதானே அம்மணி, நீயே பார்த்துக்க" என்று முடித்துவிட்டார். அப்போதும் அவளால் வாயைத் திறக்க முடியவில்லை.

காலையில் சனம் வெறும் வயிற்றோடு வந்து வரிசை கட்டிவிட்டது. ரத்தம் கொடுத்தவர்களுக்குக் காபியும் பன்னும் கொடுக்கிற பொறுப்பு எனக்கு. அன்புச்செல்வியின் மேஜைக்குப் பக்கத்திலேயே அடுப்பு வைத்திருந்தேன். மாரப்பன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். "மொதல்ல என்னோடது எடு கண்ணு" என்று சட்டைக் கையைச் சுருட்டினார். ஆயுசெல்லாம் தேங்காய் உரித்த கை. நரம்புகள் கயிறு கயிறாகப் புடைத்து நின்றன. கண் தெரியாதவர்கூடத் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

குத்தினாள். வரவில்லை. வெளியே இழுத்து மறுபடி குத்தினாள். நரம்பு ஊசிக்கு வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. இன்னொரு முறை. தோலுக்கடியில் நீலமாகக் கட்டிக்கொண்டு வந்தது. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மாரப்பன் திரும்பி எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். "எனக்கு நரம்பு ரொம்ப ஆழமுங்க. காத்தால தண்ணி குடிக்காம வேற வந்துட்டனா, உள்ள போயி ஒளிஞ்சுக்குச்சு."

புடைத்து நிற்கிற நரம்பை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் அப்படிச் சொன்னார். எனக்கு உடம்பே குறுகிப் போனது. "ஆமாங்க, சில பேருக்கு அப்படித்தானுங்க" என்றார் பின்னால் நின்ற ஒருவர்.

அடுத்தது காளியாத்தாள் பெரியம்மா. சர்க்கரையில் வற்றி, ஈர்க்குச்சியாகப் போன கை. அதை நீட்டி, "பயப்படாத கண்ணு. நம்ம புள்ளதானே, எத்தன வாட்டி வேணாலும் குத்து" என்றாள்.

அன்புச்செல்வி ரப்பர் பட்டையை எடுத்தாள். கட்டவில்லை. மேஜையில் வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"எனக்கு ரத்தம் எடுக்கத் தெரியாதுங்க பெரியம்மா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் மண்டபம் முழுக்கக் கேட்டது. "நான் போன்ல பார்த்துப் படிச்சதுங்க. பரீட்சைக்குக் குங்குமத் தண்ணியத்தான் எடுத்துக் காட்டுனேன். லேபுல எல்லாம் நந்துதான் எடுப்பா. அப்பாவுக்கு நரம்பு நல்லாத்தானுங்க இருக்குது."

யாராவது கத்தியிருக்கலாம். "அப்புறம் எதுக்குடி வெள்ளைக் கோட்டு?" என்று ஒருத்தராவது கேட்டிருக்கலாம். எங்கள் சனத்துக்கு அது வராது, மரியாதை தெரிந்த சனம். "அதுக்கென்ன கண்ணு" என்று காளியாத்தாள் முந்தானையைக் கைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். "அடுப்புல பால வெச்சுட்டு வந்துட்டனுங்க" என்று ஒருத்தி கிளம்பினாள். "ஆடு அவுந்திருக்கும், பார்த்துட்டு வாரனுங்க" என்றார் ஒருவர். "இன்னொரு நாளைக்குப் பார்த்துக்கலாமுங்க அம்மணி." ஒவ்வொருவரும் அவளிடம் சொல்லிக்கொண்டுதான் போனார்கள். ஒருவர்கூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் வெறும் வயிறு, ஆனாலும் ஒரு ஆள் என்னிடம் காபி வாங்கவில்லை. ஒவ்வொரு "வாரனுங்க"வுக்கும் அவள் தலையாட்டிக்கொண்டே நின்றாள். திட்டு வாங்கியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பாள்.

மண்டபம் காலியானது. கதிர் எப்போதோ வெளியே போய்விட்டான். மாரப்பன் மட்டும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுருட்டிய சட்டைக் கையை மெல்ல இறக்கி, நீலம் பாய்ந்த இடத்தை மூடி, பொத்தானைப் போடப் பார்த்தார். விரல் ஒத்துழைக்கவில்லை. அவள் உதவிக்குக் கையை நீட்டினாள். அவர் தன் கையைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்.

"நான்தான் சொல்லிப்போட்டேனே, நரம்பு ஆழம்னு" என்றார். குரலில் கோபமே இல்லை. "இத்தன பேரு முன்னால என்னையப் பொய்யனாக்கிப்போட்டயே கண்ணு. எனக்கு இன்னொரு கையும் இருந்துச்சல்ல? இன்னும் எத்தன குத்துனாலும் நான் சிரிச்சுக்கிட்டே உக்காந்திருப்பனே."