கதவு திறந்தபோது போன கரண்ட்

நான் இருந்தேன். அண்ணன் இருந்தார். அவர் கையைப் பிடித்தபடி அண்ணி. எங்கள் கம்பெனியில் அயர்ன் போடும் பீகார்க்காரர். கல்லாவில், அந்தப் பிரவுசிங் சென்டரை நடத்தியவர். வீரபாண்டியில், அரை ஷிப்ட் முடிந்த ஞாயிறு மத்தியானம். வேறு யாரும் இல்லை.

அண்ணன் கட்டிங் மாஸ்டர். சர்க்கரை ஒரு கண்ணை வாங்கிக்கொண்டது. மறு கண்ணுக்கு மறுநாள் ஆபரேஷன். பார்வை நின்றாலும் நிற்கும், போனாலும் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் எதையாவது பார்க்கணுமா என்று அண்ணி கேட்டார். பழனி என்பார் என்று நினைத்தேன்.

"அந்த விண்கப்பல் நாடகத்தோட கடைசியப் பாக்கோணும்" என்றார்.

சின்ன வயதில் நாங்கள் ஒரு பனியன் கம்பெனியில், தைத்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறு வெட்டினோம். முதலாளி வீட்டில் டிவி இருந்தது. ஞாயிறு காலையில் வாசலில் உட்கார விடுவார்கள். நாடகம் இந்தியில் ஓடும். ஒரு வார்த்தை புரியாது. ஏழு பேர் விண்கப்பலில் போவார்கள், வாரம் ஒரு கிரகம். பார்த்ததை வைத்து அண்ணன் ஒரு கதை கட்டுவார். அடுத்த ஞாயிறு வரைக்கும் பிசிறு வெட்டிக்கொண்டே அதைச் சொல்வார்.

கடைசிக்கு முந்தின வாரம், ஒருவனைக் கிரகத்திலேயே விட்டுவிட்டுக் கப்பல் கிளம்பியது. கடைசி வாரம் எங்களுக்கு அவசர வேலை. முடித்துவிட்டு ஓடினோம். கப்பல் பூமியில் இறங்கிக்கொண்டிருந்தது. கதவு திறந்தது. கரண்ட் போய்விட்டது.

திரும்பிப் போய் அவனையும் கூட்டிக்கொண்டுதான் வந்திருப்பார்கள் என்பது அண்ணன் கட்சி. அதை அவர் ஒருநாளும் விடவில்லை.

பீகார்க்காரரும் அவர் ஊரில் அதைப் பார்த்து வளர்ந்தவர். அவர்தான் இன்டர்நெட்டில் தேடிப் பிடித்தார். யாரோ பழைய டேப்பிலிருந்து துண்டு துண்டாக ஏற்றியிருந்தார்கள். அந்த வாரத்தில் கடைசித் துண்டு மட்டும்தான் இருந்தது.

"முடிவு எனக்குத் தெரியும் அண்ணா. சொல்லவா?"

"சொல்லிப்போடாதீங்க தம்பி. யாரும் சொல்லாதீங்க. எத்தனை பேரு எறங்கறாங்கன்னு நானே எண்ணிக்கறேன்."

படம் தீப்பெட்டி அகலம்தான் இருந்தது. சென்டர்க்காரர் பெரிதாக்கினார். கலங்கலாகத் தெரிந்தது. அண்ணன் மூக்கு கம்ப்யூட்டர் திரையில் முட்டியது.

"வானத்துக்குப் போறவனும் பனியன்தான் போட்டிருக்கறான். ரிப் காலரு. தோள்ல தையல் இழுத்திருக்குது பாரு."

"ஏனுங்க, கட்டுன பொண்டாட்டி மூஞ்சி தெரியலைன்னீங்க. அவன் தையல் தெரியுதுங்களா?" என்றார் அண்ணி.

"உம்மூஞ்சி எனக்கு மனப்பாடம். அதையெதுக்குப் பாக்கோணும்?"

அண்ணி சிரித்தார். பிறகு முந்தானையால் திரையைத் துடைத்தார். அண்ணன் மூச்சு அதில் படிந்திருந்தது.

கப்பல் இறங்கும்போது படம் நின்றது. நடுவில் ஒரு வட்டம் சுற்றியது.

"அன்னைக்குக் கரண்ட்டு. இன்னைக்கு இதா?" என்றார் அண்ணன்.

"லைன் ஸ்லோங்க. செத்த பொறுங்க, வந்துரும்" என்றார் சென்டர்க்காரர்.

பொறுத்தோம். வட்டம் போனது. கதவு திறந்தது.

கட்டிங் மேஜையில் துணி அடுக்கை எண்ணுவதுபோல், அண்ணன் ஒவ்வொரு ஆளாக விரல் வைத்து எண்ணினார். ஆறு வரை வந்தார். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. துடைத்தார். அதற்குள் படம் முடிந்துவிட்டது.

நாங்கள் பார்த்திருந்தோம். யாரும் சொல்லவில்லை.

"போச்சா?" என்றார்.

"போகல அண்ணா. இது அந்தக் காலத்து டிவி இல்ல. திருப்பி ஓட்டலாம்" என்றார் பீகார்க்காரர்.

மவுசைப் பிடித்து இழுத்தார். மறுபடியும் கதவு திறந்தது. அண்ணன் மறுபடியும் விரல் வைத்தார். ஆறாவது ஆளுக்குப் பின்னால் இன்னொருவன் இறங்கினான். அண்ணன் விரலை எடுக்கவில்லை. கண்ணைத் துடைக்கவும் இல்லை.

வாய்விட்டுச் சொன்னார்.

"ஏழு."