பச்சை காட்டினால் போதும்

அந்த வார்டில் அவளுக்குக் கல்லு சிஸ்டர் என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், அவளுக்கும் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நோயாளி செத்ததற்கு மருந்து அறையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதவள்தான். அப்புறம் எத்தனையோ பேர் போனார்கள். அழுகை எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியாது. "ஏம்மா, உனக்குச் சிரிப்பும் வராதா?" என்று மகள் ஒருநாள் கேட்டாள். "வரும்போது வரும்" என்று சொல்லிவிட்டுத் துணி மடித்தாள்.

படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களை அடிக்கடி புரட்டிப் போடாவிட்டால், எலும்பு அழுத்தும் இடத்தில் தோல் செத்துப் புண்ணாகும். அதைத் தடுக்கத்தான் ஒரு சின்னக் கருவி வந்தது. நோயாளியின் நெஞ்சில் ஒட்ட வேண்டும். அவர் ரொம்ப நேரம் ஒரே பக்கமாய்க் கிடந்தால் சிஸ்டர்கள் மேசையிலுள்ள திரையில் அவர் கட்டில் சிவப்பாகும்; திருப்பிப் போட்டால் பச்சையாகும். குறை சொல்லக் கூடாது, அது வந்த பிறகு வார்டில் புண் குறைந்தது உண்மை. ஆனால் நிர்வாகத்தின் புத்தி எங்கே போகும்? மிஷின்தான் இருக்கிறதே என்று, கூடச் சேர்ந்து தூக்கிய ஆயாவை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். மிஷின் கூப்பிடும், சரி. தூக்குமா?

ஜன்னலோரக் கட்டிலில் ஒரு லாரி டிரைவர் இருந்தார். முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. மலை மாதிரி ஆள். சக்கர நாற்காலியில் உட்காரவும் நகரவும் பழக்கிவிடும் மையம் ஒன்றில் அவருக்கு இடம் கிடைத்திருந்தது. ஒரே நிபந்தனை, உடம்பில் புண் இருக்கக் கூடாது. அவர் மனைவி எள் என்றால் எண்ணெயாய் நிற்பவள். புரட்டும் நேரம் வந்தால் கூப்பிடாமலே வந்து இடுப்பைப் பிடிப்பாள். கருவி வந்த அன்று, "நீங்க வெளிய உட்காருங்கம்மா, இனிமே மிஷின் பார்த்துக்கும்" என்று கல்லு சிஸ்டர்தான் அவளை வராந்தா பெஞ்சுக்கு அனுப்பினாள்.

ஒரு மத்தியானம் திரையில் டிரைவரின் கட்டில் சிவந்தது. கல்லு சிஸ்டர் தனியாய்த் தம் கட்டித் தள்ளிப் பார்த்தாள், இடுப்பு அசையவில்லை. தோளை மட்டும் தூக்கித் தலையணையைச் செருகினாள். திரை பச்சையாகிவிட்டது. நெஞ்சில் ஒட்டிய கருவிக்கு நெஞ்சுதானே தெரியும்? இடுப்பு மல்லாந்தே கிடந்ததை அவள் பார்க்கத்தான் செய்தாள். அப்புறம் வந்து சரி பண்ணலாம் என்று நினைப்பதற்குள் வேறொரு கட்டில் சிவந்தது. மறுநாளும் அப்படியே. அவளைப் பார்த்து மற்ற ஷிப்டுக்காரிகளும் பழகிக்கொண்டார்கள். கடனே என்று தலையணையைச் செருகுவாள், பச்சை வரும், நகர்ந்துவிடுவாள். வஞ்சகம் ஒன்றுமில்லை. மனசில் எதுவும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மையத்துக்கு அனுப்பும் முன் டாக்டர் பரிசோதிக்க, நாலு பேர் சேர்ந்து அவரைப் புரட்டினார்கள். வால் எலும்பின் மேல் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்திருந்தது. உள்ளுக்குள்ளேயே அழுகி, முற்றிய பிறகு வெளியே தெரியும் ரகம். இனி மாதக்கணக்கில் குப்புறப் படுக்க வேண்டும், மையத்து இடம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்றார் டாக்டர்.

"வலிக்கவே இல்லையே சார்" என்றார் டிரைவர்.

வார்டுக்குப் பொறுப்பான பெரிய சிஸ்டர் திரையில் பழைய பதிவுகளைப் பார்த்தாள். எல்லாம் பச்சை. கல்லு சிஸ்டர் பக்கம் திரும்பினாள்.

"உன் மேல தப்பில்லம்மா. கருவியிலதான் ஏதோ கோளாறு, கம்பெனிக்கு எழுதிடுறேன்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். கல்லு சிஸ்டருக்குப் பயமும் வரவில்லை, நிம்மதியும் வரவில்லை.

"கருவி சரியாத்தான் இருக்கு. நான் தோளை மட்டும்தான் திருப்பினேன்."

"அந்தப் பேச்சை இதோட விடு" என்றாள் பெரிய சிஸ்டர்.

அவள் விடவில்லை. வராந்தாவுக்குப் போய் டிரைவரின் மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். திட்டட்டும், கை நீட்டட்டும் என்று நின்றாள்.

அந்த அம்மா திட்டவில்லை. "ஏன் சிஸ்டர் அப்படிச் செஞ்சீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"தனியாத் தூக்க முடியலம்மா."

"நான் இங்கதானே உட்கார்ந்திருந்தேன். ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதா?"

அந்த அம்மாவைத் தாண்டித்தான் தினமும் வார்டுக்குள் போய் வந்தாள் கல்லு சிஸ்டர். ஒரு தடவைகூட அவளுக்கு அது தோன்றியதில்லை.